சபை வாசலும் சாலை அடுப்பும்

அந்தக் கிடாய்க்குப் புளியங்கொழுந்து என்றால் கொள்ளை ஆசை. குப்பனூரில் என் புகுந்த வீட்டின் கொல்லையில், சேர்வராயன் மலை மேலேறத் தொடங்கும் சரிவைப் பார்த்தபடி அது கட்டப்பட்டிருக்கும். காலையில் சேலத்துப் பள்ளிக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பும் முன் நான் ஒரு கொத்து ஒடித்து நீட்டினால், முதலில் என் வளையலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இலையில் வாய் வைக்கும். சேலம் கருப்பு என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் இனம். கொம்படி முதல் குளம்பு வரை ஒரே கறுப்பு. அது குலதெய்வமான முனியப்பனுக்கு நேர்ந்துவிடப்பட்ட கிடாய் என்பதும், நேர்ந்துவிட்டது என் மகனுக்காக என்பதும், அதை வெட்டும் நாளில் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் பிள்ளையைப் பெற்ற நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். நானோ எந்த உயிரையும் கொல்வதற்கு உடன்படக் கூடாது என்ற நெறியில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஓராண்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தாலும், அத்தை உயிரோடு இருந்தவரை அதற்கு மனம் வரவில்லை.

என் அப்பா அம்மாபேட்டையில் குழித்தறி நெய்தவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் தறிக்குழியும், அதை ஒட்டிய சுவரில் வெள்ளை முக்காடிட்ட வள்ளலாரின் படமும், அதன் முன்னே ஓர் அகல் விளக்கும் இருந்தன. வெண்பட்டு வேட்டிக்கென்றே பெயர் போன ஊர் இது. பட்டு நெய்தால் கூலி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கூட்டுக்குள் புழு இருக்கும்போதே அதை வெந்நீரில் போட்டு வேகவைத்துத்தான் பட்டு இழையை எடுக்கிறார்கள் என்பதால், அப்பா பருத்தியைத் தவிர வேறு நூலைத் தன் தறியில் ஏற்றியதே இல்லை. பாவு கொடுக்கும் முதலாளியின் வீட்டிலிருந்து ஆள் வந்து, நீ நெய்யாவிட்டால் ஊரில் யாரும் பட்டு உடுத்தாமல் இருந்துவிடப் போகிறார்களா, உன் பிள்ளைகள்தான் அரை வயிற்றோடு கிடக்கும் என்று சொல்லிப் பார்த்ததை நானே கேட்டிருக்கிறேன். அப்பா தறியை நிறுத்தி, நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா என் கையால வேண்டாங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டில் பட்டுத்தறிதான் ஓடியது. அந்த வீட்டாரைப் பற்றி அவர் ஒரு சொல் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டுக் குழந்தைக்கு நடு இரவில் காய்ச்சல் கண்டபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான்.

ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் தறியை நிறுத்திவிட்டு, ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எங்களை வடலூருக்குப் பஸ்ஸில் அழைத்துப் போவார். வள்ளலார் அங்கே இரண்டு இடங்களை ஏற்படுத்தினார். முதலாவது தருமச்சாலை, 1867 மே 23 அன்று தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வருகிற எவருக்கும், என்ன சாதி, என்ன மதம், என்ன உண்பவர் என்று கேட்காமல் அங்கே சோறு போடுகிறார்கள். மற்றொன்று 1872 ஜனவரி 25 அன்று வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபை. ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டும் இடம். அதன் வாசலில், கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்ற அறிவிப்பு உண்டு. ஒரே மனிதர், ஒரே ஊரில், ஓரிடத்தில் கோடு கிழித்தும் மற்றோரிடத்தில் கோடே இல்லாமலும் வைத்தது ஏன் என்பது ஏழு வயதில் எனக்குப் புரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "உள்ள போறதுக்கு ஒழுக்கம் வேணும். சோத்துக்கு என்ன வேணும், பசிதானே" என்றார். புலால் உண்பவர்களை வள்ளலார் புறவினத்தார் என்றே குறிப்பிட்டார். அந்தச் சொல்லின் கடுமையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் புறவினத்தாரின் பசியையும் போக்கியே தீர வேண்டும் என்று சொன்னவரும் அவரேதான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்பதைத் திருமணத்துக்குப் பிறகுதான் நான் கற்கத் தொடங்கினேன். தொடக்கத்தில் மிகவும் மோசமாகத்தான் கற்றேன்.

2001இல் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் கூறைப்புடவையாகப் பட்டு எடுத்து வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை, உடுத்திக்கொண்டேன். மணவறையில் அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதல் இடத்தில் விட்டுக்கொடுத்த பிறகு அடுத்தடுத்த இடங்களில் வாய் திறப்பது இன்னும் கடினமாகிவிட்டது. புகுந்த வீட்டில் விருந்து என்றால் கறிக்குழம்புதான். நான் அன்று வயிறு சரியில்லை என்பேன், கிருத்திகை என்பேன், சஷ்டி என்பேன். பொய்க்கு ஒரு சாமியின் பெயரைத் துணைக்கு அழைப்பது எவ்வளவு இழிவு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. யார் மனமும் புண்படாமல் நடந்துகொள்வதாகவே நினைத்தேன். ஒரு நாள் அத்தை அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இத்தனை விரதம் எந்தச் சாமிக்கு, கண்ணு?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

என் மகன் பிறந்தது 2002இல். பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைப்போமா என்று வெளியே எல்லாரும் கலங்கி நின்ற இரவில், அத்தை ஒற்றை ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, இருவரும் வீடு திரும்பினால் பேரனுக்கு முடியெடுத்துக் காது குத்தி, முனியப்பனுக்குக் கிடாய் வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதல் பிள்ளைக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான். நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே கடன் இருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்காமல் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்காது என்பது அவருடைய நம்பிக்கை. கொல்லாமை என் நம்பிக்கை என்றால், சொன்ன சொல்லைத் தெய்வத்திடம் காப்பாற்றுவது அவருடைய நம்பிக்கை. இரண்டில் எது உயர்ந்தது என்று என்னிடம் கேட்டால், என் பதில் எதுவாக இருக்கும் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்காக அழுதுகொண்டு நின்றவர் அவர்.

காதுகுத்தை 2003 ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தார்கள். அந்த ஆகஸ்டில், கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா உத்தரவிட்டார். அரை நூற்றாண்டாகச் சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கிடந்த ஒன்று திடீரென்று ஊர் ஊராக வந்து நின்றது. எங்கள் ஊரிலும் பெரியவர்களை அழைத்துச் சொல்லிவிட்டார்கள். காதுகுத்து தள்ளிப்போயிற்று. அன்று இரவு, எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன். என் சிக்கலை அரசாங்கமே தீர்த்துவிட்டது, நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அத்தை தினமும் விளக்கேற்றும்போது அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நான் மறக்கலப்பா, என்னைத் தடுத்து வெச்சிருக்காங்க" என்று சாமியிடம் சொல்வதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். வள்ளலாரின் சன்மார்க்க நெறியில் ஊறிய என் அப்பா இந்த உத்தரவால் மகிழ்வார் என்று எண்ணி அம்மாபேட்டைக்குப் போனபோது, அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, போலீசுக்குப் பயந்து உயிரோடு விட்ட ஆட்டின் மேல் யாருக்குக் கருணை வந்தது என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. என் கொள்கை எனக்குள்ளே நிற்கத் திராணியில்லாமல் சட்டத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. சேலத்து முனியப்பன்களைப் பற்றிப் பேசும்போது இங்கே இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்ற தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்று, அங்கே இனிப் பூசை கூடாது என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரலாற்றின்படி அது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். ஆயினும் அந்தச் செய்தியைப் படித்தபோது, அதுவரை அந்தக் கல்லின் முன் கற்பூரம் கொளுத்திக் கண்ணீர் விட்ட யாரோ ஒரு கிழவியின் முகம் என் அத்தையின் முகமாகவே எனக்குத் தோன்றியது.

அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு பள்ளியில் நடந்ததை நான் மறக்கவே இயலாது. காலை வழிபாட்டில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேசிய கீதம் பாடும்போது வாய் அசைக்காமல் நிற்பதைக் கவனித்தேன். அழைத்துக் கேட்டபோது, தன் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது என்றும், கீதம் பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றும் சொன்னாள். எனக்குச் சினம் பொங்கியது. நாட்டை மதிக்கத் தெரியாத படிப்பு எதற்கு என்று மற்றப் பிள்ளைகள் முன்னிலையிலேயே கேட்டேன். சும்மா வாயையாவது அசைத்துவிட்டுப் போ, யார் கேட்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, கண் கலங்கியிருந்தும் குரல் உடையாமல், "நான் எழுந்து நேரா நிக்கிறேன் டீச்சர். ஆடாம, பேசாம நிக்கிறேன். பாட மட்டும் முடியாது டீச்சர். பாடற மாதிரி நடிச்சா அது உங்களையும் ஏமாத்தற மாதிரி ஆயிடும்" என்றாள்.

தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, கேரளத்து வழக்கு ஒன்றைச் சொன்னார். 1985 ஜூலையில் இதே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட உடன்பிறந்த பிள்ளைகள் மூவருக்காக அவர்கள் தந்தை தொடுத்த வழக்கு அது. கேரள உயர் நீதிமன்றம் கைவிட்ட பிறகு உச்ச நீதிமன்றம் சென்றார்கள்; 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் பிள்ளைகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார்கள். கீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நிற்பவர் பாடாததால் அதை அவமதித்தவர் ஆகிவிட மாட்டார், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்தப் பிள்ளைகள் அடம்பிடித்து உட்கார்ந்திருக்கவில்லை, மற்றவர்கள் பாடுவதைத் தடுக்கவில்லை, எல்லாரோடும் எழுந்து நின்றார்கள் என்பதை நீதிமன்றம் கவனித்தது. தலைமையாசிரியை சொல்லி முடித்ததும் நான் அந்த மாணவியிடம் போய், அதே பிள்ளைகள் முன்னிலையில், நான் கேட்டது தவறு என்று சொன்னேன். ஆனால் அவள் சொன்ன கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. வாயசைத்துவிட்டுப் போ என்று அவளிடம் சொன்னவள், இரண்டு ஆண்டுகளாகக் கிருத்திகை, சஷ்டி என்று வாயசைத்துக்கொண்டிருந்தவள்தானே.

2004 பிப்ரவரியில் பலித் தடைச் சட்டத்தையே அரசு நீக்கிவிட்டது. வைகாசியில் காதுகுத்து என்று முடிவாயிற்று. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. மாசி மாதத்து மாலை ஒன்றில், அத்தை களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னேன். நான் இதுவரை சொன்ன விரதங்கள் பொய், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கறி உண்ண மாட்டேன், உயிரை வெட்டுகிற காரியத்தில் என் கை படாது. உங்கள் நேர்த்திக்கடனைத் தடுக்கவும் மாட்டேன், அதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன். அன்றைக்குக் கோயிலிலேயே இருப்பேன், பொங்கல் வைப்பேன், வருகிற அத்தனை பேருக்கும் பரிமாறுவேன், கடைசிப் பாத்திரம் கழுவும் வரை நிற்பேன். மஞ்சள் தண்ணீர் மட்டும் ஊற்ற மாட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் புளியைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதை முதல் வருஷமே சொல்லியிருக்கலாமில்ல, கண்ணு. நான் ஏதோ எங்க வீட்டுச் சோறு உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். என் பணிவான பொய்கள் அவரை எங்கே காயப்படுத்தியிருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாரும் அத்தையைப் போல எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன மாமனார், நம்ம வீட்டுக்கு ஐயர் வீட்டு மருமகள் வந்துவிட்டாள் என்று பந்தியில் உரக்கச் சொன்னார். அந்தச் சொல் என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் புலால் உண்ணாமை சாதி உயர்வின் அடையாளமாகக் காலங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது; கறி உண்கிறவர்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுக்கிறவர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள். சாதியையும் குலத்தையும் பொய் என்று சொன்ன ஒருவரின் வழியில் வந்தவள், அதே சாதித் திமிரின் பெயரால் அழைக்கப்படுவதைப் போன்ற வேதனை வேறில்லை. ஆனால் அவர் அப்படிச் சந்தேகிப்பதற்கு அவருக்கும் நியாயம் இருந்தது. அந்தச் சந்தேகத்தை என் பேச்சு தீர்க்காது, இலையில் நான் எப்படிப் பரிமாறுகிறேன் என்பதே தீர்க்க வேண்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் அன்போடு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிடு, சாப்பிட வேண்டாம் என்றார் ஒருவர். நாத்தனார், நான் ஊற்றுகிறேன், நீ செம்பில் ஒரு விரல் வைத்துக்கொள், அது போதும் என்றாள். என் கணவர், ஒரு நாள்தானே என்றார். அன்பானவர்கள் சொல்லும் 'ஒரு நாள்தானே'யை மறுப்பதைப் போலக் கடினமானது எதுவும் இல்லை. ஒற்றை விரல் வைப்பதற்குக்கூட மறுப்பது சிறுமை போலவும் பிடிவாதம் போலவும் எனக்கே தோன்றியது. பல இரவுகள் யோசித்த பிறகு எனக்குத் தெளிந்தது இதுதான். அவர்கள் முறைப்படி, ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது தெய்வத்திடம் உத்தரவு கேட்பது. ஆடு உடலைச் சிலிர்த்து உதறினால் முனியப்பன் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். கேட்க மனமில்லாத ஒருத்தி கேட்பதாக விரலை வைத்தால் நான் என் நெறியையும் மீறுகிறேன், அவர்கள் சடங்கையும் பொய்யாக்குகிறேன். அவர்கள் கோயிலில் நான் பொய் சொல்லக் கூடாது. இதை நாத்தனாரிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். அத்தைதான் முடித்து வைத்தார். "நேர்ந்துக்கிட்டது நான். நானே ஊத்தறேன்."

வைகாசியில் அந்த ஞாயிறு வந்தது. புளியமரத்தடியில் முனியப்பன், வெண்பல்லும் முறுக்கு மீசையுமாக, சுண்ணாம்பும் காவியும் புதிதாகப் பூசப்பட்டு உட்கார்ந்திருந்தார். என் தம்பி தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, காது குத்தினார்கள். மூன்று கல் கூட்டி நான் பொங்கல் வைத்தேன். பிறகு கிடாயை மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள் என்று கணவர் காதில் சொன்னார். நான் போகவில்லை, எழுந்து நேராக நிற்கிறேன் என்று சொன்ன பெண்ணின் நினைவு வந்தது. கைகூப்பி நின்றேன்.

அத்தை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். கிடாய் அசையவில்லை. இரண்டாம் செம்பு. தண்ணீர் அதன் முதுகிலிருந்து வழிந்து வயிற்றடியில் சொட்டியது. அது கழுத்தை நீட்டி, கீழே விழுந்துகிடந்த புளியங்கொழுந்து ஒன்றை எட்டப் பார்த்தது. கூட்டம் அமைதியானது. "பெத்தவ மனசு ஒப்பலை, அதான் சாமி உத்தரவு குடுக்கலை" என்று யாரோ சொன்னார்கள். அத்தனை கண்களும் என் மேல். சிலிர்க்காதே, சிலிர்க்காதே என்று என் உள்ளம் முழுவதும் வேண்டியது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே நேரத்தில் செம்பைப் பிடித்திருந்த அத்தையின் கை நடுங்குவதையும் நான் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாகச் சுமந்த கடனைத் தெய்வம் வாங்க மறுக்கிறதோ என்ற அச்சம் அந்த முகத்தில் இருந்தது. மூன்றாம் செம்பில் கிடாய் தலையிலிருந்து வால் வரை ஓர் உதறு உதறியது. குலவை எழுந்தது. நான் கண்களை மூடிக்கொண்டு, அந்த உயிருக்காக அருட்பெருஞ்ஜோதியை நினைத்தேன். வெட்டு விழுந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

அன்று இருநூறு பேருக்கு மேல் பந்தி. கறியை நான் தொடவில்லை. சோறும் ரசமும் மோரும் கடைசிப் பந்தி வரை நானும் என் தம்பியும்தான் பரிமாறினோம். சின்ன மாமனாரின் இலைக்கு மூன்று முறை ரசம் ஊற்றினேன். மூன்றாம் முறை அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "போதும்மா, நீ போய் ஒரு வாய் சாப்பிடு" என்றார்.

அடுத்த விருந்திலிருந்து, அத்தை அடுப்பு மூட்டும் முன்பே எனக்கென்று ஒரு சிறிய மண்சட்டியைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். யாரும் கேட்டால், "அது அவளோடது, கரண்டி மாத்திப் போட்றாதீங்க" என்பார். 2019இல் அவர் மறையும் வரை அந்தச் சட்டி இரண்டு முறை உடைந்து, இரண்டு முறையும் அவரே அயோத்தியாப்பட்டணம் சந்தையில் வேறு வாங்கி வந்தார்.

என் மகன் பாட்டியின் பிள்ளை. கறி உண்பான், முனியப்பன் மேல் உயிரையே வைத்திருக்கிறான். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். இனிப் பொய் சொல்வதாக இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாதப் பூசத்துக்கு அவனே காரோட்டி என்னை வடலூருக்கு அழைத்துப் போனான். ஞான சபை வாசலில் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு நின்றான். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனால் யாரும் தடுக்கப் போவதில்லை. "நீ போயிட்டு வாம்மா, நான் இங்கயே நிக்கிறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஜோதி இருக்கும் திசை பார்த்துக் கைகூப்பிக்கொண்டான். நான் திரும்பி வந்தபோதும் வெயிலில் அப்படியேதான் நின்றிருந்தான். பிறகு இருவரும் தருமச்சாலைக்குப் போய், வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பசி போலும், சாம்பார் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.